கோணல்

மைலுக்கு இவ்வளவு என்று பேச்சு,
காத்திருக்கும் நேரத்துக்குத் தனி.
தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான்.
இப்போது வண்டி ஓட்டாதவர்களை ஏற்றிப் போகிறேன்.

விடிய இரண்டு மணி நேரம் இருக்கையில்
மவுண்ட் ஹோப்பில் மூன்று கறுப்புத் தொப்பிகள் ஏறின:
ஆட்லி யுட்ஸி, அவன் மச்சினன் ஓரி,
பேசாத ரூபன்.
பின்னால் டிரெய்லரில், குதிரைப் போர்வைகள் சுற்றி,
ஒரு சமையலறை முழுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளை ஓக்.
இழுப்பறை மூலைகளில் புறாவால் மூட்டு, ஆணி கிடையாது.
டீசல் எஞ்சின் காற்றை அடைத்துக் கொடுக்க
அந்தக் காற்றில் சுழன்ற ரம்பம் அறுத்தது.
மின்கம்பி அந்தப் பட்டறைக்குள் வருவதில்லை.
ஆனால் அலமாரிகளின் முதுகில் ஐந்து துளைகள்,
அந்தம்மாவின் பிளக்குகளுக்கு,
விளிம்பெல்லாம் தேய்த்து, மழமழவென்று.

லொரெய்ன். ஏரிக்காற்று முகத்தில் அறைந்தது.
கதவைத் திறந்த ஹலினா வோய்ட்டிக்
ஐந்தடி இருந்தால் அதிகம்.
வரைபடமோ அவள் கணவனின் உயரத்துக்குப் போட்டது:
ஆறடி மூன்று அங்குலம்.
அவன் ஏப்ரலில் டாம்பாவுக்குப் போய்விட்டான்,
படகையும் இழுத்துக்கொண்டு.

அதைச் சொல்லி அவள் விட்ட செய்தி
சோளக்காட்டு ஓரத்து டெலிபோன் கொட்டகையில்
பத்து நாள் கிடந்தது.
ஆட்லி கேட்டபோது வார்னிஷ் காய்ந்திருந்தது.

"அலமாரி அப்படியேதான்.
எங்கே தொங்கவேண்டும் என்பதுதான் கேள்வி.
சுவர்ப்பக்கம் வாருங்கள், கையைத் தூக்குங்கள்.
எட்டிப் பிடிக்கிற மாதிரி வேண்டாம்,
உப்பு எடுக்கிற மாதிரி."

தூக்கினாள்.
விரல் நுனியில் பென்சில் கோடு.
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த நான்
ஏனோ வேறு பக்கம் பார்த்தேன்.

ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது.
அலமாரி நேர். சுவர்தான் இல்லை.
மேலே ஒட்டி, கீழே வரவர விலகி,
தரையருகே சுண்டுவிரல் நுழையும் சந்து.
"என் வீட்டிலா தப்பு?" என்றாள்.
"நாங்கள் போன எந்த வீட்டிலும்
சுவர் நேராக இருந்ததில்லை."
சொன்னது ரூபன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

ஆட்லி ஒரு பட்டையைச் சுவரோரம் நிறுத்தினான்.
கவராயத்தின் ஒரு கால் சுவரில்,
பென்சில் கட்டிய கால் மரத்தில்,
மெல்ல இறக்கிக்கொண்டே வந்தான்.
சுவர் வயிறு தள்ளிய இடத்தில் கோடும் தள்ளியது,
குழிந்த இடத்தில் குழிந்தது.
அந்தக் கோட்டின் மேல் ரம்பம்.
பொருத்தியபின் மின்கட்டண ரசீதை எடுத்து
அவளே நுழைத்துப் பார்த்தாள்.
நுழையவில்லை.
மடித்து இன்னொரு தரம் பார்த்தாள்.

கடைசியாக, போன்களுக்குச் சார்ஜ் ஏற்றும் இழுப்பறை.
இரண்டு பள்ளம், இரண்டு துளை.
ஆட்லி சட்டைப்பையிலிருந்து
சீவி வைத்திருந்த ஓக் அடைப்பை எடுத்தான்.
"ஒன்றை மூடிவிடட்டுமா?"
வெகுநேரம் துளையைப் பார்த்தாள்.
"வேண்டாம். டார்ச்சுக்கு இருக்கட்டும்."

வூஸ்டர் தாண்டும்போது ஆட்லி கேட்டான்:
"ராத்திரி முழுக்க உள்ளே போன் என்ன செய்யும்?"
"சாப்பிடும்."
"கதவைச் சாத்திக்கொண்டா?"
ஓரி சிரித்த சிரிப்பில் ரூபன் விழித்துக்கொண்டான்.

மறுநாள் வேனைப் பெருக்கும்போது
சீட்டுக்கடியில் அந்த அறுத்த துண்டு.
ஒரு முனை காகிதம், மறுமுனை சுண்டுவிரல்,
நடுவே இரண்டு இடத்தில் நெளிவு.
ஹலினா வோய்ட்டிக்கின் சுவர்.

குப்பையில் போடத்தான் போனேன்.
டாஷ்போர்டில் இருக்கிறது.
பிரேக் போட்டால் கண்ணாடிப்பக்கம் நகர்கிறது.
கையை நீட்டி
இழுத்து வைக்கிறேன்.